பதினெட்டுக் கோணல் சட்டங்கள்

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. வேலைத்தளங்களில் அவருக்கு ஒருநூல் என்றுதான் பெயர். நேரில் மட்டும் மேஸ்திரி என்பார்கள். தச்சர்கள் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. யார் மாட்டிய கதவானாலும் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு நூல் இடிக்குதே" என்பார். அளந்து பார்த்தால் ஒரு நூல்தான் இடித்திருக்கும். அதுதான் எல்லோருக்கும் வயிற்றெரிச்சல். வெறும் வாய்ச்சவடாலாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

புதிதாகக் கட்டும் வீடுகளில் வாசலுக்கு நிலை நிறுத்துவது, கதவு மாட்டுவது, கடைசியில் நிலைக்கும் சுவருக்கும் நடுவே தெரியும் இடைவெளியை மறைக்க மூன்று பக்கமும் மெல்லிய சட்டம் அடிப்பது. இருபத்திரண்டு வருடமாக ஒருநூலாரின் பிழைப்பு இதுதான். அந்தக் கடைசிச் சட்டத்தை மற்றவர்கள் ஒப்புக்கு அடிப்பார்கள். மூலையில் இடைவெளி விழுந்தால் மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்துவிட்டு, மிச்சத்தைப் பெயின்ட் அடிப்பவர் தலையில் கட்டிவிடுவார்கள். ஒருநூலார் அடித்த சட்டத்தில் மூலை எங்கே சேர்கிறது என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வேலையை வேலைத்தளத்தோடு விட்டுவிட்டு வர அவருக்குத் தெரியவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் வாங்க என்று சொல்லி முடிப்பதற்குள் அவருடைய கட்டைவிரல் அந்த வீட்டு நிலையைத் தடவிக்கொண்டிருக்கும். மனைவி எத்தனையோ தடவை கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். தங்கையின் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் போட்டிருந்தபோது, எந்தப் பக்கம் விழுந்தது, இனி என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர் அறை வாசலில் நின்று விளக்கினார். ஒருநூலாரின் கண் டாக்டரின் தலைக்கு மேலே, சட்டத்தின் மூலையில் வாய் பிளந்திருந்த இடைவெளியில் நின்றுவிட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழியில், விழுந்தது வலது கையா இடது கையா என்று மனைவியிடம் கேட்டார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

வலது கை. தங்கையின் கணவர் பேருந்து ஓட்டுநர். நாற்பத்து மூன்று வயது. நாக்கும் கொஞ்சம் குழறிப்போனது. நன்றாகப் பேசிச் சிரிக்கிற மனிதர், ஒரு வார்த்தைக்கு இரண்டு மூச்சு எடுக்க வேண்டியிருந்ததால் பேச்சையே குறைத்துக்கொண்டார். தங்கை ஒரு மருந்துக்கடையில் வேலைக்குப் போனாள். ஒருநூலார் மாதம் ஒரு தடவை போய், "என்ன மாப்பிள்ளை, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். தன் பங்கைச் சரியாகச் செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

தங்கை மகளுக்கு ஏழு வயது நிறைந்த அன்று சின்னதாக ஒரு விருந்து. மாடி வீட்டுக் கணவன் மனைவி, பணிமனையிலிருந்து இரண்டு ஓட்டுநர்கள், இவரும் இவர் மனைவியும். அவ்வளவுதான் கூட்டம். கூடத்து மேஜைமேல் ஒரு பொம்மை வீடு நின்றது. மூன்று மாடி, ஆறு அறை. பழப்பெட்டிப் பலகையை அறுத்துச் செய்தது. தீப்பெட்டியில் கட்டில், புட்டி மூடியில் மேஜை. ஒவ்வொரு அறைக்கும் ஒரு வாசல், ஒவ்வொரு வாசலைச் சுற்றியும் மூன்று சின்னச் சட்டம்.

ஒருநூலார் குனிந்து பார்த்தார். பக்கச் சட்டங்கள் ஒன்று மேலே அகலம், ஒன்று கீழே அகலம். மூலைகளில் வெட்டு சேரவே இல்லை. சந்து முழுக்கப் பசை வழிந்து காய்ந்திருந்தது. யாருடைய வேலை இது என்று கேட்டார். தங்கை ஒரு நொடி கணவரைப் பார்த்துவிட்டு, நானும் பாப்பாவும்தான் செய்தோம் என்றாள்.

தங்கை என்றால் கேலி செய்யலாம். சின்ன வயதிலிருந்து அந்த உரிமை அவருக்கு இருந்தது.

"வாசலுக்குச் சட்டம் அடிச்சிருக்கியா, இல்ல அடிபட்டதுன்னு கட்டு போட்டிருக்கியா?"

ஓட்டுநர்கள் சிரித்தார்கள். மாடி வீட்டுக்காரரும் சிரித்தார். சிரிப்பு கிடைத்ததும் ஒருநூலாருக்குக் குஷி வந்துவிட்டது. மாத்திரை எண்ணுகிற கையால் ரம்பம் பிடித்தால் இப்படித்தான் என்றார். இந்த வீட்டில் குடியிருக்கும் பொம்மைகளுக்குத் தலைசுற்றல் வரும், அதற்கும் உன் கடையிலேயே மருந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார். சொல்லிக்கொண்டே நகத்தை விட்டு நெம்பி, கீழ் அறை வாசலின் சட்டம் ஒன்றைப் பெயர்த்தார். டிக் என்று ஒரு சத்தம். பிறகு இரண்டாவது. பிறகு மேல் சட்டம். பாப்பா, "மாமா, வேண்டாம்" என்றாள். தங்கை, "அண்ணே, விடுங்க" என்றாள். கெட்டதைப் பிடுங்கினால்தான் நல்லதை வைக்க முடியும் என்று பாப்பாவுக்கு விளக்கம் சொன்னார்.

மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்த தங்கை கணவரின் முகத்தில் பாதி உதடு சிரிப்பதுபோல் ஏறியிருந்தது. அவரும் ரசிக்கிறார் என்றே ஒருநூலார் எடுத்துக்கொண்டார்.

"என்ன மாப்பிள்ளை, நான் சொல்றது சரிதானே?"

"சரிதான்… மச்சான்."

அன்றே பொம்மை வீட்டை ஒரு துணியில் சுற்றி, மனைவியின் மடியில் வைத்து, ஆட்டோவில் தன் பட்டறைக்குக் கொண்டுபோனார். ஒரு வாரத்தில் பாருங்கள், அரண்மனையாக்கித் தருகிறேன் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் ஏறினார்.

அந்த வாரம் அவர் சந்தோஷமாக இருந்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தேக்குத் துண்டு ஒன்றைத் தீக்குச்சிப் பருமனுக்கு இழைத்தார். இரண்டு கட்டை நடுவே பள்ளம் விட்டு, நாற்பத்தைந்து டிகிரிக்கு ரம்பம் போக ஒரு சின்னத் தடமும் செய்துகொண்டார். மேல் சட்டத்தை முதலில் வெட்டி வாசல் மேல் வைத்துப் பார்த்து, அதன் இரண்டு முனையிலிருந்தும் பென்சில் கோடு இறக்கி, அந்தக் கோட்டுக்குப் பக்கச் சட்டங்களை வெட்டினார். மூன்று பக்கமும் வாசல் விளிம்பு ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும் என்பதற்காக, தபால் அட்டையை நறுக்கி இடையில் வைத்து ஒட்டினார். வாசல்களே கோணலாக அறுக்கப்பட்டிருந்தன. சட்டத்துக்கு அடியில் காகிதம் மடித்துக் கொடுத்து அதையும் மறைத்தார். பழைய சட்டங்களில் ஒன்றைப் பசை தடவ வைத்துக்கொண்டார். மற்றவற்றை மரச்சீவல் மூட்டையில் தள்ளினார். சனிக்கிழமைதோறும் அந்த மூட்டையைப் பக்கத்துத் தெருக் கோழிப்பண்ணைக்காரர் வந்து எடுத்துப் போவார். அந்தச் சனிக்கிழமையும் எடுத்துப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பொம்மை வீட்டை மேஜைமேல் வைத்து, துணியை எடுத்துவிட்டு, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றார். பாப்பா ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தாள். மேல் மாடி வரை பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"அப்பா செஞ்சதெல்லாம் எங்க மாமா?"

அவருக்குப் புரியவில்லை. எதை அப்பா செய்தார் என்று கேட்டார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பாப்பா வாயை மூடிக்கொண்டாள். தங்கை கணவர் நாற்காலியிலிருந்தே, "அழகா இருக்கு மச்சான்" என்றார். எழுந்து வந்து பார்க்கவில்லை.

தங்கை அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள். விளங்காத கைக்குப் பயிற்சி கொடுப்பவர் ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து அமுக்கச் சொன்னாராம். இரண்டே நாளில் அது மாப்பிள்ளைக்கு அலுத்துவிட்டதாம். பாப்பாவின் பொம்மை வீட்டுக்கு வாசல் சட்டம் நான் வெட்டுகிறேன் என்று அவராகவே ஆரம்பித்தாராம். கை நன்றாக வருகிற வரை யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டதால்தான் அன்று அவள் தான் செய்ததாகச் சொன்னாள்.

"வலது கையால, அண்ணே. ஒரு துண்டுக்கு மூணு நாள், நாலு நாள். ரம்பம் நழுவி கீழ விழும். நான் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவரே குனிஞ்சு எடுப்பாரு. பதினெட்டுத் துண்டு, பதினோரு வாரம்."

ஒருநூலார் குழாயிலிருந்து விழும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூட வேலை பார்த்த ஓட்டுநர்கள் முன்னால், அந்த மனிதரின் முகத்துக்கு நேரே ஒவ்வொன்றாகப் பெயர்த்தது அவர் விரலிலேயே இன்னும் இருந்தது. சரிதானே என்று வேறு கேட்டு, சரிதான் என்று சொல்ல வைத்திருக்கிறார்.

பழைய சட்டங்கள் எங்கே என்று தங்கை கேட்டாள். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "பட்டறையில பத்திரமா வச்சிருக்கேன்" என்று அவர் வாயிலிருந்து வந்தது.

பொம்மை வீட்டை அங்கேயே விட்டுவிட்டு நேராகக் கோழிப்பண்ணைக்குப் போனார். பண்ணைக்காரர் சீவலை அன்று காலையே கொட்டகை முழுக்கப் பரப்பியிருந்தார். என்ன தொலைந்தது மேஸ்திரி, மோதிரமா என்று கேட்டார். ஆமாம் என்றார் ஒருநூலார். மோதிரம் என்றதும் பண்ணைக்காரரும் மனைவியும் கூடவே தேட இறங்கிவிட்டார்கள். மூன்று பேருமாக ஒரு மணி நேரம் முழங்காலில் நின்று, கோழி எச்சத்துக்கு நடுவே சீவலைக் கிளறினார்கள். குச்சி குச்சியாக எவ்வளவோ வந்தது; எது எது என்று அவருக்கே அடையாளம் தெரியவில்லை. மோதிரம் எப்படி இருக்கும், கல் வைத்ததா என்று அந்த அம்மாள் அக்கறையாகக் கேட்டபோது, அவமானத்தில் அவர் முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்துகொண்டார். பசை தடவ வைத்திருந்த ஒரு துண்டாவது மிஞ்சும் என்று பட்டறைக்கு ஓடினார். அது டப்பாவுக்குள்ளேயே பசையோடு இறுகி, நெம்பியபோது மூன்றாக உடைந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்த காரியத்தை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. பட்டறைக் கதவைப் பகலிலேயே சாத்திக்கொண்டு, பழப்பெட்டிப் பலகை ஒன்றை எடுத்து, கோணல் சட்டம் வெட்ட உட்கார்ந்தார்.

வரவில்லை. கோணலாக வெட்ட நினைத்தால் கை ஒரே சீராகக் கோணலாக வெட்டியது. இரண்டு சட்டத்தைச் சேர்த்து வைத்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தின. கண்ணை மூடிக்கொண்டு வெட்டிப் பார்த்தார். அதுவும் நேராகவே போனது. கடைசியில் ரம்பத்தை இடது கைக்கு மாற்றினார். கை நடுங்கியது, மரம் பிசிறியது, இரண்டு தடவை விரலில் இறங்கியது. ஒரு துண்டு முடிப்பதற்குள் தோள் இறுகி வியர்த்துவிட்டது. இடது கை அவருக்கு நல்ல கை, அதில் உயிர் இருக்கிறது. அதற்கே இந்தப் பாடு. ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு விரலில் துணி சுற்றினார். அப்படியும் நிறுத்தவில்லை. பதினெட்டையும் வெட்டினார். பழசாகத் தெரிய வேண்டும் என்று பசையைத் தடவிக் காய வைத்து, விரல் அழுக்கையும் தேய்த்தார்.

புதன்கிழமை அரை நாள் வேலையை விட்டுவிட்டுப் போனார். தங்கை கடைக்கும் பாப்பா பள்ளிக்கூடத்துக்கும் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனார். தங்கை கணவர் தனியாக இருந்தார். ஒருநூலார் காகிதப் பையை நீட்டி, உங்களுடையதுதான், பத்திரமாக வைத்திருந்தேன் என்றார்.

மாப்பிள்ளை பையை மடியில் கவிழ்த்தார். வலது கையால்தான் ஒன்றை எடுத்தார். விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாக மூடின. எடுத்ததைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார், திருப்பினார். ஐந்தாறு துண்டு வரை அப்படிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் பைக்குள் போட்டார்.

"பின்னாடி… தேதி எழுதியிருந்தேன் மச்சான். ஒவ்வொண்ணுலயும். அவளுக்குக்கூட… தெரியாது."

பெயர்த்த ஒன்றைக்கூட ஒருநூலார் திருப்பிப் பார்த்திருக்கவில்லை. கேலி செய்தவருக்குப் பின்பக்கம் எதற்கு?

"நல்லாத்தான்… கோணலா வெட்டியிருக்கீங்க" என்றார் அவர், வார்த்தைக்கு வார்த்தை மூச்செடுத்து. குத்திக் காட்டிய மாதிரி இல்லை. தொழில் தெரியாத ஒருவர் தொழில் தெரிந்தவரின் வேலையைப் பார்த்துச் சொல்வதுபோல் இருந்தது. அதன்பின் சுவரில் மாட்டியிருந்த தன் பழைய சீருடைப் படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவகிட்ட சொல்லாதீங்க. சண்டை வரும். நான்… சொல்ல மாட்டேன்."

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம், அழுதிருக்கலாம். இப்போது அவர் மானம் மாப்பிள்ளையின் தயவில் இருந்தது. எழுந்து, நிலையில் தோள் இடிக்க வெளியே வந்தார்.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவி வற்புறுத்தி அழைத்துப் போனாள். போனால், தங்கை தேக்குச் சட்டங்களைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, பையில் இருந்த பதினெட்டையும் பழையபடி ஒட்டி வைத்திருந்தாள். மாடி வீட்டு அம்மாளும் வந்திருந்தாள். இனி ஒளிக்க என்ன இருக்கிறது என்று தங்கை அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கீழ் வாசல் அவர் முதல் மாசம் வெட்டினது. பாருங்க, எவ்வளவு பிசிறு. மேல போகப் போகக் கை தெளிஞ்சிருக்கு பாருங்க."

மாடி வீட்டு அம்மாள் விரலால் தொட்டுப் பார்த்து, ஆமாம் ஆமாம் என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருநூலார் தங்கை கணவரைப் பார்த்தார். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தான் வெட்டாத சட்டத்துக்குக் கிடைக்கும் பாராட்டைக் கேட்டுக்கொண்டு, மறுக்காமல், அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். பாப்பா மட்டும் கீழ் வாசலை வெகு நேரம் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். அப்பா அவளைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

ஒருநூலாரால் அன்று சாப்பிட முடியவில்லை. வயிறு சரியில்லை என்றார். பொய்க்கு மேல் பொய் அடுக்கிக்கொண்டு போவது அவருக்கே தெரிந்தது.

பத்து நாள் தாக்குப்பிடித்தார். பதினோராவது நாள் வேலைக்குப் போகிற வழியில், போக வேண்டிய திருப்பத்தில் திரும்பாமல், மருந்துக்கடைக்குப் போய் நின்றார். முன்னால் மூன்று பேர். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், கண்ணாடிப் பலகைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, சீவல் மூட்டையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். கோழிக் கொட்டகையைச் சொன்னார், மோதிரப் பொய்யைச் சொன்னார், இடது கையைச் சொன்னார். மாப்பிள்ளைக்குத் தெரியும், உனக்குத் தெரிய வேண்டாம் என்று அவர்தான் காப்பாற்றினார் என்பதையும் சொன்னார். பின்னால் இருமல் மருந்துக்கு நின்றவர் இருமுவதைக்கூட நிறுத்திவிட்டுக் கேட்டார்.

தங்கையின் கையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க போங்கண்ணே. ஆள் நிக்கிறாங்க."

நான்கு மாதம் அவள் அவரிடம் பேசவில்லை. அவரும் போகவில்லை. போய்வந்த மனைவி சொல்லித்தான் சேதிகள் தெரிந்தன. அன்று சாயந்தரமே தங்கை பதினெட்டையும் பெயர்த்துக் குப்பையில் போட்டாளாம். கணவரோடும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். ஒரு மாதம் வாசல்கள் வெறுமனே கிடந்தன. பிறகு ஒரு நாள் மாப்பிள்ளையே ரம்பத்தை எடுத்தாராம். இந்தத் தடவை கூடத்திலேயே, யார் வந்தாலும் ஒளிக்காமல். சட்டைப் பொத்தான் போட வருகிறதாம். பேருந்து ஓட்ட இனி விட மாட்டார்கள். பணிமனையில் வண்டி புறப்படும் நேரம் குறிக்கிற வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வேலைத்தளத்தில் ஒருநூலாருக்கு உடம்பு சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஒரு கதவு தரையில் உரசினால் சொல்லாமல் இருக்க முடியாது, சொன்னார். ஆனால் மாட்டியவரைத் தனியாகக் கூப்பிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சொன்ன பிறகு காது மடல் சுட, வெளியே போய்க் கொஞ்ச நேரம் மணல் குவியலருகே நின்றுவிட்டு வந்தார். இது என்ன புது வியாதி என்று மற்றவர்கள் சிரித்தார்கள்.

தங்கையின் முதல் வார்த்தை மனைவியின் போனில் வந்தது. சமையலறை அலமாரிக் கதவு தொங்குகிறது, அண்ணனை வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்றாள். அதோடு போனை வைத்துவிட்டாள். ஒருநூலார் போனார். கீல் திருகு தளர்ந்திருந்தது, ஐந்து நிமிட வேலை. முடித்துவிட்டுக் கூடத்தைத் திரும்பிப் பார்க்காமல் செருப்பில் காலை விட்டபோது, "மச்சான்" என்று குரல் வந்தது.

பொம்மை வீடு அதே மேஜைமேல் இருந்தது. நான்கு வாசலுக்குச் சட்டம் ஏறியிருந்தது. இரண்டு வெறுமையாக இருந்தன. பார்க்கக் கூடாது என்று நினைப்பதற்குள் அவர் கண் பார்த்துவிட்டது. இரண்டாவது வாசலின் இடப்பக்கம் மேலே அகலம், நான்காவதில் மூலை பிளந்திருக்கிறது. கேட்காமலே கண் அளந்து முடித்திருந்தது. இவ்வளவுக்குப் பிறகுமா என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

"அடுத்தது… கதவு போடணும்" என்றார் தங்கை கணவர். "இவ்வளவு சின்னதுக்குக் கீல்… எப்படி?"

துணியை ஒட்டிக் கீலாக்கலாம் என்று ஒருநூலார் சொன்னார். எந்தப் பக்கம் பசை, எவ்வளவு மடிப்பு என்று வாயால்தான் சொன்னார். கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார். தங்கை கணவர் துணியை வெட்டினார், ஒட்டினார். கதவு கோணலாக நின்றது. பிறகு துணியோடு பிய்ந்து விழுந்தது. பாப்பா ஒருநூலாரை நிமிர்ந்து பார்த்தாள்; மாமா இப்போது என்ன சொல்வார் என்று காத்திருக்கிற பார்வை. அவர் கைகளைத் தொடைக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டார். தங்கை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துவிட்டு, வாங்க என்றோ உட்காருங்க என்றோ சொல்லாமல், நான்கு தம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள்.